தியாகோ கார்சியா: நீதி கேட்க வாசல் இல்லாத தீவு

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாத நடுப்பகுதியில் வெளியான நீதிமன்றத் தீர்ப்பொன்று, தஞ்சம் கோரி வாழும் எம்மவர் ஒவ்வொருவரும் நிதானமாகப் படித்துச் சிந்திக்க வேண்டியதாகும். இந்து சமுத்திரத்தின் நடுவே, பிரித்தானிய ஆளுகைக்குட்பட்டிருந்த தியாகோ கார்சியா என்னும் தீவில், இலங்கைத் தமிழர் பலர் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் என அப்பிரதேசத்தின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களது முகாம் பெயரளவில் மட்டுமே சிறை அல்ல, மற்றெல்லா வகையிலும் சிறையே என்பது நீதிபதியின் முடிவாக இருந்தது.

2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முற்பகுதியில், கனடா செல்லும் நோக்குடன் புறப்பட்ட மீன்பிடிப் படகொன்று நடுக்கடலில் தத்தளித்தது. அதிலிருந்த 89 பேரும் பிரித்தானியப் படையினரால் தியாகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அடுத்த ஆண்டில் மேலும் சில படகுகள் வந்து சேர்ந்தன. வேலியிட்ட சிறு நிலப்பரப்பில், கூடாரங்களில், காவலின் கீழ் அவர்கள் வாழ்ந்தனர். அவர்களிடையே குழந்தைகளும் இருந்தனர். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றோர் சிலர் சிகிச்சைக்கென ருவாண்டாவுக்கு அனுப்பப்பட்டனர். 2024 டிசம்பர் மாத ஆரம்பத்திலேயே எஞ்சியோரில் பெரும்பாலானோர் பிரித்தானியாவுக்கு அழைத்துவரப்பட்டனர்.

இதனை ஒரு மனிதாபிமானச் செய்தியாகப் படித்து, பெருமூச்சு விட்டு, பத்திரிகையை மடித்து வைத்துவிடல் எளிது. ஆனால் இச்சம்பவத்தில் உறைந்திருக்கும் அநீதி முகாமின் எலிகளும் கிழிந்த கூடாரங்களும் மட்டுமா? அம்முகாமில் நல்ல உணவும் நல்ல மருத்துவமும் கிடைத்திருந்தால் அநீதி நீங்கியிருக்குமா? நீங்கியிராது என்பதே எமது கருத்து. அதற்கான காரணத்தை அறிய, அத்தீவில் எம்மவருக்கு முன்னரே வாழ்ந்த இன்னொரு மக்கள் கூட்டத்தின் கதையை அறிதல் அவசியம்.

குடிகள் இல்லாத நாடு

சாகோஸ் தீவுக்கூட்டத்தின் மிகப் பெரிய தீவே தியாகோ கார்சியா. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் ஆபிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து அங்கே தென்னந்தோட்டங்களை அமைத்தனர். 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையின் மூலம் மொரீசியசோடு சேர்த்து இத்தீவுகள் பிரித்தானியாவின் கைக்கு மாறின. அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர் இந்தியாவிலிருந்து சென்ற தொழிலாளரும் இம்மக்களோடு கலந்தனர். அவர்களுக்கென ஒரு கிறியோல் மொழியும், தேவாலயங்களும், இடுகாடுகளும் இருந்தன. பல தலைமுறைகள் அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டன.

1965ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, சுதந்திரத்தை எதிர்நோக்கி நின்ற மொரீசியசிலிருந்து சாகோஸ் தீவுகளைப் பிரித்தெடுத்த பிரித்தானியா, பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம் என்னும் புதிய குடியேற்ற ஆட்சிப் பிரிவொன்றை உருவாக்கியது. மொரீசியசுக்கு இதற்கென 30 இலட்சம் பவுண் வழங்கப்பட்டது. 1966 டிசம்பரில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி தியாகோ கார்சியா படைத்தளத்துக்கென ஒதுக்கப்பட்டது. அமெரிக்கா வாடகை எதனையும் செலுத்தவில்லை. மாறாக, பிரித்தானியா வாங்கிய பொலாரிஸ் ஏவுகணைகளின் விலையில் 1 கோடி 40 இலட்சம் டொலர் சலுகை இரகசியமாக வழங்கப்பட்டது.

படைத்தளத்துக்கு நிலம் வேண்டும், மக்கள் வேண்டியதில்லை. எனவே அம்மக்கள் அத்தீவின் குடிகளே அல்லர், ஒப்பந்தத்தின் பேரில் வந்து போகும் தொழிலாளர் மட்டுமே என்றொரு கற்பனை அதிகாரிகளால் உருவாக்கப்பட்டது. நிரந்தரக் குடிகள் இருப்பின், அவர்களது நலன் குறித்து ஐக்கிய நாடுகள் சபைக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதே அதற்கான காரணம். கடற்பறவைகளைத் தவிர பூர்வீகக் குடிகள் எவரும் அங்கே இருக்கப்போவதில்லை என்ற பொருளில் 1966ஆம் ஆண்டு உயரதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு பின்னாளில் பகிரங்கமாயிற்று.

1968ஆம் ஆண்டுக்கும் 1973ஆம் ஆண்டுக்கும் இடையே தீவு மக்கள் அனைவரும் அகற்றப்பட்டனர். மருத்துவத்துக்கென மொரீசியஸ் சென்றவர்கள் திரும்பிவர அனுமதிக்கப்படவில்லை. எஞ்சியோர் கப்பலேற்றப்பட்டு மொரீசியசிலும் சீசெல்சிலும் இறக்கப்பட்டனர். அவர்களது வளர்ப்பு நாய்கள் நச்சுப்புகையால் கொல்லப்பட்டன. அனுமதியின்றி எவரும் அத்தீவுகளில் நுழையவோ தங்கவோ கூடாதென 1971ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டளைச் சட்டம் விதித்தது. தமக்கெனத் தபால் முத்திரையும், சட்டங்களும், நீதிமன்றமும் கொண்ட ஓர் ஆட்சிப் பிரதேசம் அங்கே எஞ்சியது. குடிகள் மட்டும் எஞ்சவில்லை.

கருணையுள்ள எசமானின் கேள்வி

அநீதி என்பது துன்புறுத்தல் மட்டும்தானா என்ற கேள்விக்கு இங்கே மீள்வோம். ஐரிஷ் மெய்யியலாளரான பிலிப் பெற்றிட், 1997ஆம் ஆண்டு வெளியிட்ட குடியரசுவாதம் பற்றிய தமது நூலில், பழைய உரோமச் சிந்தனையிலிருந்து ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டி விளக்கினார். அடிமை ஒருவனுக்குக் கருணையுள்ள எசமான் வாய்க்கிறான் எனக் கொள்வோம். அவன் சாட்டையை எடுப்பதில்லை, வயிறார உணவிடுகிறான். அப்போதும் அந்த மனிதன் அடிமையே. ஏனெனில் எசமானின் மனம் மாறினால் அவனைத் தடுப்பார் எவருமில்லை. அடி விழுவது ஒரு துன்பம். அடிப்பதா விடுவதா என்பதை இன்னொருவரின் விருப்பம் மட்டுமே தீர்மானிப்பது இன்னொரு துன்பம். இந்த இரண்டாவதையே அவர் ஆதிக்கம் என்றார்.

எம்மவருக்கு இதனை நூல்களிலிருந்து விளக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கொரு தடவை வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கச் செல்லும் ஒருவர், அலுவலகத்தில் அன்பாக உபசரிக்கப்படலாம், நாற்காலியும் தேநீரும் கிடைக்கலாம். ஆயினும் தபாற்பெட்டியில் அரசாங்க முத்திரையுடன் கடிதமொன்றைக் கண்டதும் அவரது கை நடுங்குகிறது. அந்நடுக்கம் அதிகாரியின் கடுமையால் வந்ததன்று. தமது வாழ்வு குறித்த முடிவு தமக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவரின் கையில் இருக்கிறது என்ற அறிவினால் வந்தது.

இங்கே மேற்குலகச் சிந்தனையாளர் சிலர் ஒரு தடையை முன்வைப்பர். நாம் ஒரு காலத்தில் விரிவுரை மண்டபத்தில் கற்பித்த ஜோன் றோல்சின் நீதிக் கோட்பாடு (1971), தன்னளவில் நிறைவான ஒரு சமூகத்தின் உறுப்பினரிடையே நிலவ வேண்டிய நீதியையே முதன்மையாக ஆராய்ந்தது. 2005ஆம் ஆண்டு தோமஸ் நேகல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதனை மேலும் அழுத்திக் கூறியது. ஒரே இறைமையின் கீழ் வாழ்வோரிடையே மட்டுமே முழுப் பொருளிலான நீதி பற்றிப் பேசலாம், வெளியாருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது குறைந்தபட்ச மனிதாபிமானம் மட்டுமே என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தைத் தியாகோ கார்சியாவில் வைத்துச் சோதித்தால் அதன் பலவீனம் புலப்படும். சாகோஸ் மக்கள் வெளியார் அல்லர். அவர்களைக் கப்பலேற்றிய கட்டளை, அவர்களை ஆண்ட இறைமையின் பெயராலேயே பிறந்தது. ஆளும்போது உள்ளே வைத்து ஆண்ட அரசு, கணக்குக் கேட்கும்போது அவர்களை வெளியார் என்றது. எம்மவருக்கு நேர்ந்ததும் அதுவே. வேலிக்குள் அடைக்கும் அதிகாரம் பிரித்தானியாவிடம் இருந்தது. ஆனால் அத்தீவு ஐக்கிய இராச்சியத்தின் பகுதியல்ல, 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை அங்கு விஸ்தரிக்கப்படவில்லை என்று அதே பிரித்தானியா வாதிட்டது.

எமது மரபு இவ்விடயத்தில் தெளிவானது. செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்தார் வள்ளுவர். எனினும் அதனிலும் கூர்மையான பாடம் சிலப்பதிகாரக் கதையில் இருக்கிறது. கண்ணகி மதுரையின் குடிமகள் அல்லள். சோழ நாட்டுப் புகாரிலிருந்து பிழைப்புத் தேடிக் கணவனோடு வந்த அயல்நாட்டவள். ஆயினும் அவள் அரண்மனை வாயிலில் நின்று நீதி கேட்டபோது, நீ எந்நாட்டவள், உனக்கு இங்கே வழக்கு உண்டா என்று கூறிப் பாண்டியன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அவனது ஆணை அவள் வாழ்வைத் தொட்டுவிட்டது. ஆகவே அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டான். அதிகாரம் எவரைத் தொடுகிறதோ அவருக்கு அது பதில் சொல்ல வேண்டும் என்பதே அக்கதை உணர்த்தும் நீதி. குடியுரிமை பற்றிய கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது.

கொடுத்ததும் பறித்ததும் ஒரே கை

வாசல் இருந்தால் மட்டும் போதுமா? அவ்வாசலை அடைக்கும் உரிமை எவரிடம் இருக்கிறது என்பதும் முக்கியமானது. சாகோஸ் மக்களின் வழக்கு வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

1982ஆம் ஆண்டு பிரித்தானியா 40 இலட்சம் பவுண் நட்டஈடு வழங்கியது. வறுமையில் உழன்ற அம்மக்கள், தமக்கு விளங்காத ஆங்கிலச் சட்டமொழியில் எழுதப்பட்ட பத்திரங்களில் கைநாட்டு வைத்துப் பணத்தைப் பெற்றனர். திரும்பிச் செல்லும் உரிமையைக் கைவிடுவதாக அப்பத்திரங்கள் கூறின. முப்பது ஆண்டுகளின் பின், 2012 டிசம்பரில், ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அவர்களது முறைப்பாட்டை விசாரணைக்கு ஏற்க மறுத்தபோது, அந்த நட்டஈட்டு ஏற்பாடே பிரதான காரணமாயிற்று.

இதற்கிடையே 2000ஆம் ஆண்டு நவம்பரில், ஒலிவியர் பன்கூல்ட் என்னும் சாகோசியர் தொடுத்த வழக்கில், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வெளியேற்றப் பிரிவு செல்லுபடியாகாதென லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் 2004 ஜூன் மாதத்தில், பாராளுமன்ற விவாதம் எதுவுமின்றி, மகாராணியின் பெயரால் பிறப்பிக்கப்பட்ட கட்டளைகள் மூலம் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. 2008 ஒக்டோபரில் பிரபுக்கள் சபை நீதியரசர் மூவர் அதனைச் சரியென்றனர். இருவர் மாறாகத் தீர்ப்பெழுதினர்.

அடிமையின் கருணையுள்ள எசமானை வாசகர் இங்கே நினைவுகூர்க. ஒரு கை கொடுத்ததை அதே கை எவரையும் கேளாது திருப்பி எடுக்க முடியுமாயின், கொடுக்கப்பட்டது உரிமை அன்று, சலுகையே.

2019ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1 என்ற பெரும்பான்மையில் ஆலோசனைக் கருத்தொன்றை வழங்கியது. மொரீசியசிலிருந்து சாகோசைப் பிரித்தது சட்டபூர்வமானதன்று, பிரித்தானியா தனது நிர்வாகத்தை இயன்ற விரைவில் முடிவுறுத்த வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அதே ஆண்டு மே 22ஆம் திகதி ஐ.நா. பொதுச்சபை 116 வாக்குகளால் இதனை ஆதரித்தது. எதிர்த்து வாக்களித்த நாடுகள் ஆறு மட்டுமே. சின்னஞ்சிறு நாடொன்று வல்லரசொன்றைச் சர்வதேச அரங்கில் கணக்குக் கேட்க முடிந்தது என்பது சிறிய சாதனை அன்று.

எனினும் முடிவு என்னவாயிற்று? சரியாக ஆறு ஆண்டுகளின் பின், 2025 மே 22ஆம் திகதி, பிரித்தானியாவும் மொரீசியசும் உடன்படிக்கையொன்றில் கையெழுத்திட்டன. அதன்படி இறைமை மொரீசியசுக்கு உரியதாகும். தியாகோ கார்சியாவோ 99 ஆண்டுகளுக்குப் பிரித்தானியாவின் குத்தகையில் படைத்தளமாகவே இருக்கும். அதற்குச் சராசரியாக ஆண்டொன்றுக்கு 10 கோடி 10 இலட்சம் பவுண் செலுத்தப்படும். ஏனைய தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரீசியஸ் திட்டமிடலாம். சாகோசியர் நலனுக்கென 4 கோடி பவுண் நிதியம் ஒன்றும் குறிப்பிடப்பட்டது. ஆனால் தியாகோ கார்சியாவில் பிறந்தவர்கள் அங்கே மீண்டும் குடியேற வழியில்லை.

பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள் இருந்தன. மண்ணின் மக்களுக்கு அங்கே தனி ஆசனம் இருக்கவில்லை. அம்மக்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது உண்மை. மொரீசியசின் இறைமையை ஆதரிப்போரும் உண்டு, அதனைக் கடுமையாக எதிர்ப்போரும் உண்டு. ஆனால் கருத்து வேறுபாடு உடையவர்களைக் கேளாமலே முடிவெடுப்பதற்கு அது நியாயமாகாது. எந்தச் சமூகத்தில்தான் ஒருமித்த கருத்து நிலவுகிறது? அரசுகளுக்கிடையே நீதி கிடைத்துவிட்டாலும், மனிதருக்கு நீதி கிடைத்ததாகாது என்பதை இவ்வுடன்படிக்கை காட்டிநிற்கிறது.

பொறுப்பைப் பங்கிட்டு மறைத்தல்

பழைய குடியேற்றவாதத்தில் ஆள்பவர் யாரென்பது தெரிந்தது. ஆளுநரின் மாளிகை கண்ணுக்குப் புலப்பட்டது. உலகமயமாகிய இக்காலத்தின் ஆதிக்கமோ பல கைகளில் பகிரப்பட்டு, எந்தக் கையும் பொறுப்பேற்காதவாறு அமைக்கப்படுகிறது.

தியாகோ கார்சியா முகாமை நோக்குவோம். ஆட்சி பிரித்தானியாவினது. தளம் அமெரிக்காவினது. காவல் தனியார் நிறுவனத்தினது. சிகிச்சை ருவாண்டாவில். பிரித்தானியாவுக்கு அழைப்பதற்கு முன்னர் ருமேனியாவுக்கு அனுப்பும் யோசனையும் எழுந்தது. 2024 ஜூலையில் நீதிபதி தீவுக்குச் சென்று வழக்கை விசாரிக்க ஏற்பாடாகியிருந்தபோது, அமெரிக்கா அனுமதி மறுத்தமையால் அவ்விசாரணை தள்ளிப்போயிற்று. தனது பிரதேசத்தில் தனது நீதிமன்றம் கூடுவதற்குத் தனது குத்தகைக்காரரின் சம்மதம் வேண்டியிருந்த விசித்திரத்தை உலகம் கண்டது.

இந்த முறை ஒரு தீவோடு நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியா தஞ்சம் கோரியோரை நவுறுவுக்கும் பப்புவா நியூகினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பியது. மானுஸ் தடுத்துவைப்பு சட்டவிரோதமென அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. பிரித்தானியா 2022ஆம் ஆண்டில் ருவாண்டாவோடு செய்துகொண்ட ஏற்பாட்டை 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டவிரோதமெனக் கண்டது. 2024ஆம் ஆண்டில் வந்த புதிய அரசாங்கம் அதனைக் கைவிட்டது. பெயர்களும் இடங்களும் மாறினும் உள்ளீடு ஒன்றே. அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பொறுப்பைக் கடல் கடந்து அனுப்புதல்.

எல்லைகளைக் கட்டுப்படுத்தும் உரிமை ஓர் அரசுக்கு இல்லையா எனச் சிலர் வினவுவர். உண்டு. நாம் அதனை மறுக்கவில்லை. கோரிக்கை ஒன்றை ஆராய்ந்து நிராகரிக்கவும் அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் நிராகரிப்புக்குக் காரணம் கூறப்பட வேண்டும். அக்காரணத்தைச் சுயாதீனமான ஒருவர் முன் கேள்விக்குட்படுத்த முடிய வேண்டும். கேள்வி கேட்க முடியாத இடத்துக்கு மனிதரைக் கொண்டுபோய் வைத்தல் எல்லைக் கட்டுப்பாடு ஆகாது. நாசிகளிடமிருந்து தப்பி, பிரான்சில் முகாமில் அடைபட்டு, நாடற்றவராகப் பல ஆண்டுகள் வாழ்ந்த ஹன்னா ஆரன்ட், 1951ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இதனையே சுட்டினார். தனித்தனி உரிமைகளை இழப்பதைக் காட்டிலும் கொடியது, உரிமை கோருவதற்கான இடத்தையே இழப்பது.

இறுதியில் நீதிமன்றம்தானே எம்மவரைக் காத்தது, ஆகவே முறைமை சரியாகவே இயங்குகிறதல்லவா என்ற வாதமும் உண்டு. அத்தீர்ப்பின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் மீளா. சட்டத்தரணிகளை எட்ட முடிந்ததனாலேயே அவ்வழக்கு நடந்தது. எட்ட முடியாதோரின் கதி என்னவென்பதை எந்தத் தீர்ப்பும் எமக்குச் சொல்லாது.

எமக்கும் அதே அளவுகோல்

இவ்வாராய்ச்சியிலிருந்து எம்மவர் எடுத்துச்செல்ல வேண்டியன இரண்டு.

முதலாவது, கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. உதவியவருக்கு நன்றி கூறுவது பண்பாடு. ஆனால் முடிவுக்குக் காரணத்தை எழுத்தில் கேட்பதும், மேன்முறையீட்டுக் காலக்கெடுவை அறிந்து வைத்திருப்பதும், விளங்காத மொழியில் எழுதப்பட்ட பத்திரத்தில் மொழிபெயர்ப்பின்றிக் கையொப்பமிட மறுப்பதும் நன்றிகெட்ட செயல்கள் அல்ல. சாகோஸ் மக்களின் கைநாட்டு முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களையே திரும்பி வந்து தாக்கியதை நினைவிற் கொள்வோம்.

இரண்டாவது கசப்பானது. ஆதிக்கம் அரசுகளிடம் மட்டும் இருப்பதன்று. கணவனின் வதிவிட அனுமதியில் தங்கியிருக்கும் மனைவி, அவன் எத்துணை நல்லவனாயினும், அவனது மனம் மாறினால் நாட்டையே இழப்பாள் என்ற நிலையில் வாழ்வாளாயின், அவளும் எசமானின் நல்லெண்ணத்திலேயே வாழ்கிறாள். விசா இல்லாத இளைஞனின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு அரைக் கூலிக்கு வேலை வாங்கும் கடைக்காரர் எம்மவராகவும் இருக்கக்கூடும். ஆண்டுக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைக்காத சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் எம்மிடையே இல்லாமல் இல்லை. வல்லரசிடம் கணக்குக் கேட்கும் நாம், எமது வீட்டிலும் கடையிலும் சங்கத்திலும் கணக்குக் கேட்போரின் வாயை அடைப்போமாயின், எமது நீதிக் கோரிக்கை அரைகுறையானதே.

தியாகோ கார்சியாவிலிருந்து எம்மவர் வெளியேறிவிட்டனர். அத்தீவிற் பிறந்து, இன்று மொரீசியசின் சேரிகளிலும் லண்டன் அருகேயுள்ள குறோலி நகரிலும் முதுமையடைந்து வரும் சாகோசியரோ இன்னும் அங்கே திரும்பிச் சென்று குடியேற முடியாதிருக்கின்றனர். எம்மவரை அடைத்த வேலியும் அவர்களை வெளியே நிறுத்திய சட்டமும் ஒரே ஆட்சியின் வேலைகள். எமக்குக் கிடைத்த தீர்ப்பை மகிழ்வோடு வரவேற்கும் நாம், அவர்களது கோரிக்கை எழும் கூட்டங்களில் அவர்களோடு நிற்பது உதவி அன்று, கடமை.